நூல் கட்டிய காசு

ரகசிய எண் என்ன என்று நான் கேட்பதே இல்லை.
அவர்களே சொல்லிவிடுகிறார்கள்,
திதூபே சுரங்கப்பாதையில், மெட்ரோவிலிருந்து
நூறு பேர் ஏறிவரும் நேரம் பார்த்து, உரக்க:
"ஒன்று ஒன்பது எட்டு நான்கு, மாக்வாலா!
பிறந்த வருடம்தான், மறக்காது."
மறக்காதுதான். எனக்கும்.

சீட்டில் எழுதி போனின் முதுகில் ஒட்டுகிறேன்.
இருபது போன், இருபது சீட்டு, ஒரு பிஸ்கட் டப்பா.
பாதித் தெருவின் கல்யாணப் படங்கள், கடன்கள்,
எழுதி முடித்தும் அனுப்பாமல் வைத்த வசவுகள்
எல்லாவற்றுக்கும் ராத்தூக்கம் அதற்குள்தான்.
டப்பாவுக்குப் பூட்டு இல்லை.

இவர்கள்தான் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்,
"நாம் பேசுவதை இது ஒட்டுக் கேட்குமாமே?"
பாத்ரி கேமராமேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறான்.
அதே பாத்ரிதான் இலவச டார்ச் செயலிக்கு
தொடர்பு எண், இருப்பிடம், மைக் என்று
அனுமதி அனுமதி அனுமதி
பந்தியில் அப்பளம் போடுகிறவன் வேகத்தில் தட்டியவன்.
வெளிச்சம் காட்ட எதற்கப்பா உன் மைத்துனி நம்பர் என்றேன்.
யோசித்தான்.
"அவள் எடுக்கவே மாட்டாள்" என்றான்.

என் கருத்தைக் கேட்டால்
(யாரும் கேட்பதில்லை, திருகாணி கழற்றும்போது நானே சொல்வேன்)
கெட்டிலுக்கு வைஃபை வேண்டாம்.
தண்ணீர் கொதித்தது ரகசியமா என்ன, அதுவே விசிலடிக்கும்.
மூன்று மாதத்துக்கொரு முறை பாஸ்வேர்டை மாற்றச் சொன்ன ஆபீஸ்கள்
வசந்தம்1, வசந்தம்2, வசந்தம்3 என்று
ஊழியர்களுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தன, அவ்வளவுதான்.
பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியவனுக்கு
உடைந்த என் நகங்களை ஒரு நாள் பார்சல் அனுப்புவேன்.
அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.
நானும் தள்ளிப்போடுகிறேன், பல் டாக்டரைப் போல.

நேற்று கோச்சா வந்தார்.
வங்கியில் வகுப்பெடுப்பவர்.
தெரியாத இணைப்பைத் தொடாதே, தொட்டால் கெட்டாய்,
நாற்பது பக்கம், படங்களோடு.
தொட்டுவிட்டார்.
'உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, சொற்பத் தொகை கட்டுங்கள்.'
மகளுக்குப் பனிச்சறுக்குக் காலணி
நிஜமாகவே வர வேண்டியிருந்தது.
கடைசி மினிபஸ், ஒரு கையில் சூடான ரொட்டி,
மிச்சமிருந்தது ஒரு கட்டைவிரல்.
"எழுத்துப்பிழைகூட இருந்தது, மாக்வாலா.
எழுத்துப்பிழையைப் பாருங்கள் என்பதுதான் என் ஏழாம் பக்கம்."
நான் சிரிக்கவில்லை.
கார்டை முடக்க போன் போட்டோம்.
வங்கி, அவருடைய அதே வங்கி,
காத்திருங்கள் என்று சொல்லிவிட்டு
அவர் குரலிலேயே பதிவான எச்சரிக்கையை
நான்கு நிமிடம் அவருக்கே வாசித்தது.
அப்போது சிரித்தேன்.
அவர் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார்.

எங்கள் க்ல்தானி கட்டடத்து லிஃப்ட்
முன்பெல்லாம் காசு போட்டால் ஏறும்.
நான் பார்த்த முதல் ஹேக்கர் மூன்றாம் மாடி சியாலா.
இருபது தெத்ரிக் காசில் ஒரு துளை, துளையில் தையல் நூல்,
போட்டு, சொடுக்கி, இழுத்து
ஒரே காசில் ஒன்பது வருடம் ஏறினாள்.
அந்த நூலைத் தோற்கடிக்கத்தான் செயலி கொண்டுவந்தார்கள்.

இன்றிரவு செயலி
முகத்தைக் காட்டு என்கிறது. காட்டுகிறேன்.
இது நீதானா என்கிறது.
பதினொரு மணி நேரம் பூதக்கண்ணாடிக்குள் குனிந்த முகம்,
எனக்கே கொஞ்சம் சந்தேகம்தான்.
மார்க்கெட் பையோடு சியாலா வருகிறாள்.
அவளையும் நம்பவில்லை.
கைப்பையைத் துழாவி எடுத்துக் காட்டுகிறாள்:
காசு இருக்கிறது, நூல்கூட இருக்கிறது.
போடுகிற இடத்தைத்தான் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள்.

படியேறுகிறோம். உருளைக்கிழங்குப் பையை நான் வாங்கிக்கொள்கிறேன்.
மூன்றாவது மாடியில்
சாதாரணச் சாவி, சாதாரணப் பூட்டு,
கதவு திறக்கிற சத்தம்.
எனக்கு இன்னும் ஐந்து மாடி.